வியாழக்கிழமை வரைக்கும்

நான்காம் வகுப்பு டீச்சருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து அவளைப் பற்றி ஆளுக்கொன்று பேசினார்கள். பதினோரு வருஷமாக அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். குரலை உயர்த்தாமல் முப்பது பிள்ளைகளை உட்கார வைக்கத் தெரிந்தவள். அந்த வருஷம் அவளுடைய ஒரே மகளும் அவள் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் 'அம்மா' கிடையாது, 'டீச்சர்'தான் என்று இருவருக்கும் ஒப்பந்தம். மகள் அதை ஒரு நாளும் மீறவில்லை. விழுந்து முழங்கால் கிழிந்தபோதுகூட அழுதுகொண்டே "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டாள். அவளுடைய அப்பா அவளைப் பெரிய மனுஷி என்றுதான் கூப்பிடுவார். ஒன்பது வயதில் விதி என்றால் விதி என்று நிற்கிற பிள்ளை.

பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து ஒரு புதுப் பெண் வந்தாள். இரண்டு காதிலும் கேட்கும் கருவி. அதில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று விட்டு விட்டு எரியும். கொஞ்சம் கேட்கும், மீதியை எதிரில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அவளுடைய பேச்சு சற்றுக் குழறலாக இருக்கும். முதல் நாளே பிள்ளைகள் அவளுக்கு 'மிஷின்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தனியாக நின்று சாப்பிட்டாள். ஒரு வாரம் முழுக்க அப்படித்தான்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள், ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குக் கணக்கு வராது, ஒருவர் வீட்டில் வேறு பாஷை, அதனால் யாரும் குறைந்துபோய்விடவில்லை என்று ஒரு மணி நேரம் பேசினாள். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அடுத்த இடைவேளையில் புதுப் பெண் மறுபடியும் குழாயடியில்தான் நின்றாள். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று, இனி வேறு வழி பார்க்க வேண்டும் என்று யோசித்துத்தான் டீச்சர் அந்தப் பலகையைச் செய்தாள். நீல அட்டை, முப்பது கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளையின் பெயர். தனியாக இருக்கிற ஒருவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறவருக்கு ஒரு நட்சத்திரம். வெள்ளிக்கிழமை கடைசி மணியில், சேர்த்துக்கொள்ளப்பட்ட பிள்ளை எழுந்து நின்று யார் தன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். பருவம் முடியும்போது யாரிடம் நிறைய நட்சத்திரம் இருக்கிறதோ அவர் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள்.

பத்தே நாளில் வகுப்பு மாறிவிட்டது. புதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார அடிதடி. மிஷின் என்ற பெயர் போய் மின்மினி என்று ஆனது. அவளுக்காக மெதுவாகப் பேசினார்கள், முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். கண்ணாமூச்சியில் அவளுக்குக் கேட்காது என்பதால் கத்துவதற்குப் பதிலாகக் கொடி காட்டினார்கள். தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்தார். அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், பலகையைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும் என்றும் சொன்னார்.

மூன்றாவது வாரம், மெல்லிசாக இருப்பதால் பென்சில் என்று பெயர் வாங்கியிருந்த பையன், சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவதை டீச்சர் பார்த்தாள். அவன் எல்லோரோடும் இழைந்து விளையாடுகிறவன். உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை டீச்சர் என்றான். அழுத முகமாகவும் இல்லை. இடது கையில் இரண்டு விரலை நீட்டி, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் ஒரு விரல். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண் போய் அவன் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு நட்சத்திரம் கிடைத்தது.

அடுத்த வாரம் வேறொரு பெண் தனியாக நின்றாள். அவளையும் வியாழக்கிழமை ஒருவன் சேர்த்துக்கொண்டான். அதற்கடுத்த வாரம் இன்னொருத்தி. டீச்சருக்குப் பெருமையாக இருந்தது. யார் வாடினாலும் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவர் லாரி பழுது பார்க்கிற பட்டறையில் மேஸ்திரி. கை கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "அதெப்படி, உன் வகுப்புல மட்டும் வாரம் ஒரு அநாதை முளைக்குது?" என்றார்.

அவள் சிரித்தாள். அன்று படுக்கும்போது அந்தக் கேள்வி நெருஞ்சி முள் மாதிரி உறுத்தியது. காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மறந்துபோனது.

இன்னொரு நாள், மகளின் ரஃப் நோட்டைப் புரட்டியபோது ஒரு பட்டியல் இருந்தது. வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக, சிலவற்றுக்கு நேரே டிக். கீழே இரண்டு மூன்று வரி எழுதி, அதை நன்றாக அடித்திருந்தாள். என்ன இது என்றாள் டீச்சர். முறை என்றாள் மகள். வகுப்பு பெருக்குகிற முறையாக்கும் என்று டீச்சர் நோட்டை மூடி வைத்துவிட்டாள். யாருக்கும் அநியாயம் ஆகக் கூடாது என்று பிள்ளை எவ்வளவு சுத்தமாகக் கோடு போட்டிருக்கிறது என்றுகூட நினைத்தாள்.

அந்த வகுப்பில் ரேடியோ என்று ஒரு பெண் இருந்தாள். பேர் பொருத்தம் அப்படி. அவளுடைய அம்மா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்கிறவர். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. ரேடியோவுக்கு வாய் ஓயாது. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் பெஞ்சோடு பேசுவாள். பரீட்சை எழுதும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். வருகைப் பதிவு எடுக்கும்போது, வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்து அவள்தான் சொல்வாள்.

அதிகாரிகள் வரவிருந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு அமைதியாக இருந்தது. டீச்சர் அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டாள். இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை பேச வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து மனையில் கட்டட வேலை. கலவை மெஷின் காலையிலிருந்து கடகடவென்று ஓடியது. அதனால் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ரேடியோ ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். மணி என்ன டீச்சர் என்று கேட்டாள். பத்து நிமிஷத்தில் மறுபடியும் வந்தாள். நாளைக்கு ஓவிய வகுப்பு உண்டா என்றாள். மூன்றாம் முறை வந்தபோது கேட்பதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது, உங்க பேனா நல்லா இருக்கு டீச்சர் என்றாள். முகம் வெளுத்திருந்தது. டீச்சர் எழுதிக்கொண்டிருந்த வரியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போம்மா. போய் உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசு."

ரேடியோ சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு சரி டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நான்காம் வகுப்புக்கு முதலில் ஓவியம், அடுத்தது நூலகம். இரண்டுக்கும் வேறு ஆசிரியர்கள், வருகைப் பதிவு எடுப்பதில்லை. டீச்சர் வகுப்புக்குத் திரும்பியபோது மணி மூன்றாகப் பத்து நிமிஷம். உள்ளே நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. எல்லோரும் நிமிர்ந்து, கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோர இரண்டாவது பெஞ்சில் ஒரு இடம் காலி. புத்தகப் பை மட்டும் இருந்தது.

ரேடியோ எங்கே என்று கேட்டாள்.

பாத்ரூம் போயிருக்கிறாளா என்றாள். உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போய்விட்டாளா என்றாள். இருபத்தொன்பது முகங்களும் அவளைப் பார்த்தன. பயந்த முகங்கள் இல்லை. பாடம் நடத்தும்போது பார்ப்பது போலவே மரியாதையாகப் பார்த்தார்கள். கேள்வி ஏதோ வேறு பாஷையில் கேட்டது போல இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் இருந்தாளா இல்லையா என்று பென்சிலைத் தனியாக எழுப்பிக் கேட்டாள். அவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண் ஒரு முறை நீலப் பலகைக்குப் போய்த் திரும்பியது. அவன் கட்டத்தில் இரண்டு நட்சத்திரம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளை பொய் சொல்லும், அழும், அடுத்தவனைக் காட்டிக் கொடுக்கும். ஒரு வகுப்பே இப்படிக் கட்டுப்பாடாக வாயை மூடி டீச்சர் பார்த்ததில்லை.

அப்போது மின்மினி கையைத் தூக்கினாள்.

"எல்லாருக்கும் தெரியும் டீச்சர். சொல்லக் கூடாது. இந்த வாரம் அவ முறை."

என்ன முறை என்று கேட்டாள் டீச்சர். மின்மினி தன் குழறல் பேச்சில், அவசரப்படாமல் எல்லாவற்றையும் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் ஒரு டிபன் பாக்ஸில் சீட்டுப் போட்டு இரண்டு பேரை எடுப்பார்கள். ஒருவர் தனியாக இருக்க வேண்டும். இன்னொருவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். தனியாக இருப்பவரிடம் வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் யாரும் பேசக் கூடாது, அவரைப் பற்றியும் பேசக் கூடாது. கூப்பிட்டால் திரும்பக் கூடாது. அழுதால் ஒரு நாள் கூடும். நடுவில் யாராவது பேசிவிட்டால் அவர்களுடைய நட்சத்திரமெல்லாம் போய்விடும், அடுத்த முறையும் அவர்களுடையதே. இதை யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்லவில்லை. தூரத்தில் நின்று பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு மட்டும் சீட்டு கிடையாது. வந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டார்களாம்.

"ஏம்மா நீ எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" டீச்சரின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மின்மினி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"என் பழைய ஸ்கூல்லயும் இப்படித்தான் டீச்சர். அங்க முறை மாறவே மாறாது, எப்பவும் நான்தான். இங்க மாறுது. அதனால இது நல்ல ஸ்கூல்னு நினைச்சேன்."

டீச்சர் மின்மினிக்கு முன்னால் வந்து நின்றாள். ரேடியோவைக் கடைசியாக எங்கே பார்த்தாய் என்று கேட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை என்றாள் மின்மினி. ஓவிய வகுப்பு முடிந்து தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனபோது, பின்னால் இருக்கிற இரும்புக் கதவுக்கு முன்னால் ஒருத்தி நின்று கதவோடு பேசிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தாள். அதைச் சொல்லிவிட்டு முதல் பெஞ்சைக் கைகாட்டினாள். அங்கே டீச்சரின் மகள் உட்கார்ந்திருந்தாள்.

மகள் எழுந்து நின்றாள். பதில் தெரிந்த கேள்விக்கு எழுந்து நிற்பது போல நின்றாள்.

"அவ சாமான் ரூம்ல இருக்கா டீச்சர். தட்டிக்கிட்டே இருந்தா. நாளைக்கு மத்தியானம் வந்து சேத்துக்கறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

டீச்சர் ஓடினாள். படியில் செருப்பு ஒன்று கழன்றது, அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். விளையாட்டுச் சாமான் அறை மைதானத்துக்குப் பின்னால், தனியாக, தகரக் கூரை போட்டு நிற்கிற ஒற்றை அறை. ஜன்னல் கிடையாது. கதவில் பூட்டும் கிடையாது, வெளியே ஒரு தாழ்ப்பாள் மட்டும். டீச்சரின் இடுப்பு உயரத்தில் இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கைக்குத் தாராளமாக எட்டும்.

தாழ்ப்பாளை இழுத்தாள். இரும்பு கையைச் சுட்டது. உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்தது போல அனல் வந்தது. ரேடியோ கதவுக்குப் பின்னாலேயே தரையில் சுருண்டு கிடந்தாள். சட்டை வேர்வையில் ஊறி, பிறகு காய்ந்து, உப்புப் பூத்திருந்தது. இரண்டு கையிலும் விரல் முட்டி தோலுரிந்து ரத்தம் கட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. டீச்சர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

எப்படி நடந்தது என்பது பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. யாரும் பேசாத இடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல், ரேடியோ தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு திறந்து கிடந்த அந்த அறைக்குள் போயிருக்கிறாள். பழைய பெஞ்சுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிப்போனாள். இரண்டு ராத்திரியாக அவள் தூங்கவில்லை. மணி அடித்ததும் அட்டெண்டர் அண்ணன் எட்டிப் பார்க்காமல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனார். தட்டுகிற சத்தம் பெரியவர்கள் காதில் விழுந்ததுதான். கட்டட வேலை என்று நினைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் அப்படி நினைக்கவில்லை. ஓவிய வகுப்பு முடிந்து நூலகத்துக்குப் போகிற வழியில் ஆறேழு பேர் குழாயடிக்குப் போயிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் இருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். பென்சில் தாழ்ப்பாள் வரைக்கும் கையைக் கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டான். அதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகையில் மூச்சு நின்று நின்று வந்தது.

தலைமையாசிரியையின் காரில் ரேடியோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அவளுடைய அம்மா நிலையத்திலிருந்து சீருடையோடு வந்தார். அழவில்லை. ஆஸ்பத்திரி நடையில் நாற்காலியில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் வண்டி நேரம் சொல்கிற அந்தத் தெளிவான குரலில், டீச்சரிடம் ஒரு விஷயத்தை மட்டும் சொன்னார். திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து பெண் வீட்டில் வாயே திறக்கவில்லை. நாள் பூரா கத்திவிட்டு வருகிறவருக்கு அது நிம்மதியாக இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை.

டீச்சர் அப்போதே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, சீட்டு, கதவுக்கு வெளியே நின்றது தன் மகள் என்பது வரைக்கும். அந்த அம்மா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, எழுந்து பெண் படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் தலைமையாசிரியை டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கதவு காற்றில் சாத்திக்கொண்டது என்று சொல்லிவிடலாம், தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது என்று சொல்லலாம், பிள்ளைதான் பிழைத்துவிட்டதே என்றார். வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள். அட்டெண்டரும் பெரிய குடும்பஸ்தர், அவர் பிழைப்பையும் பார்க்க வேண்டும். இதில் உங்கள் மகள் பெயரும் அடிபடும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

"காத்து சாத்தல மேடம். நான் சாத்தினேன்," என்றாள் டீச்சர்.

அதிகாரிகளின் வருகை தள்ளிவைக்கப்பட்டது. பெற்றோரைக் கூப்பிட்டார்கள். நாற்பது பேர்போல வந்து, பிள்ளைகளின் சின்ன பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் நின்றுகொண்டு பேசினாள். நட்சத்திரம் வாங்க ஒரு தனிப்பிள்ளை வேண்டும், இருந்த ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டபின் வேறு யாரும் மிச்சமில்லை, அதனால் ஆளுக்கொரு வாரம் ஒருவரைத் தனியாக்கினார்கள், இதைச் செய்யச் சொல்லி மறைமுகமாகக் கற்றுக் கொடுத்தது நான்தான் என்றாள். இரண்டு மூன்று பேர் கத்தினார்கள். ஒரு தாய் தன் பிள்ளை இதில் சேரவே இல்லை என்று சத்தியம் செய்தார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தகப்பன் எழுந்து, அப்படியானால் பிள்ளைகள் இதுவரைக்கும் வாங்கிய நட்சத்திரமெல்லாம் என்ன கணக்கு, பருவக் கடைசியில் பெயர் வாசிப்பார்களா மாட்டார்களா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருந்தார். இன்னும் சிலரும் அந்தப் பதிலுக்குக் காத்திருந்ததை டீச்சர் பார்த்தாள். கூட்டம் முடிந்ததும் பலகையைக் கழற்றி இரண்டாக மடித்தாள். அட்டை தடியாக இருந்ததால் முட்டியை வைத்து அழுத்த வேண்டியிருந்தது.

வீட்டில் மகள் வழக்கம்போலச் சாப்பிட்டாள், படித்தாள், தூங்கினாள். அதுதான் டீச்சருக்கு அதிகப் பயமாக இருந்தது. அடித்தால் தேவலை என்று ஒரு கணம் கை பரபரத்தது. கணவன் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவர் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் தட்டினாளே, உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா என்று கேட்டார். தோன்றியது என்றாள் மகள். பாவமாக இருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே ரூல்தானே அப்பா, அவளுக்கு மட்டும் முன்னாடியே திறந்தால் பென்சிலுக்கு அநியாயம் இல்லையா, அவன் மூன்று நாள் இருந்தானே என்றாள். கதவு விஷயம் ரூலில் இல்லை, அதனால் என்ன செய்வது என்று யோசித்தாளாம். யோசித்து, ரேடியோ பயப்படாமல் இருப்பதற்காகத்தான் போய்ச் சொல்லிவிட்டு வந்தாளாம்.

லாரியைப் பற்றி நூறு கதை சொல்கிற மனிதர், விரல் இடுக்கில் இருந்த கரியைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்து நாள் கழித்து டீச்சர் மகளை ரேடியோ வீட்டுக்கு அழைத்துப் போனாள். மன்னிப்புக் கேள் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று மகள் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரியாது என்றே டீச்சர் பதில் சொன்னாள். அது உண்மையும்கூட. ரேடியோவின் அம்மா அவர்களை உள்ளே விட்டார், உட்காருங்கள் என்று சொல்லவில்லை. ரேடியோ கட்டிலில் சாய்ந்திருந்தாள். விரல்களில் இன்னும் கட்டு. கத்திக் கத்திக் கெட்டுப்போன தொண்டை முழுதாகச் சரியாகவில்லை. பேசியபோது குரல் கரகரவென்று ஒரு கிழவனின் குரல் மாதிரி வந்தது.

"நீதானே வெளிய நின்ன?"

மகள் ஆமாம் என்றாள்.

"நீ பேசினது சரியா கேக்கல. யாரோ வந்துட்டாங்கன்னு தட்டுறத நிறுத்தினேன். அப்புறம் நீ நடந்து போற சத்தம் கேட்டுச்சு."

மகளின் முகம் மெல்ல மெல்லக் கோணிக்கொண்டு போனது. பிறந்ததிலிருந்து பார்க்கிற அந்த முகத்தை அப்படி டீச்சர் பார்த்ததே இல்லை. அழ ஆரம்பித்தவள் நிற்கவில்லை. தெருவில் நடந்தபோதும் நிற்கவில்லை. கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அன்று முழுக்க, ஜுரம் வந்து படுக்கிற வரைக்கும் அழுதாள். டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த அழுகை தனக்கு ஆறுதலாக இருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ரேடியோ மூன்று வாரத்தில் பள்ளிக்குத் திரும்பினாள். டீச்சருக்கு ஒரு வருஷம் பதவி உயர்வு நிறுத்தப்பட்டது. அட்டெண்டர் அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. சாமான் அறைக் கதவைக் கழற்றிவிட்டார்கள். சீட்டு, முறை எதுவும் இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கும்போது கண்ணில் ஒரு கூச்சம் இருந்தது. சிரிப்பு வரும், பாதியில் நின்றுவிடும். சாப்பாட்டு இடைவேளையில் டீச்சர் இப்போது ஆசிரியர் அறைக்குப் போவதில்லை. தன் டிபன் பாக்ஸோடு வேப்பமரத்தடியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவாள். யாரையும் யாரோடும் சேர்த்து உட்கார வைப்பதில்லை.

அவள் கண் முன்னாலேயே மகள் தனியாகச் சாப்பிட்டாள். சீட்டுப் போட்டு வந்த தனிமை இல்லை அது. யாரும் ஏற்பாடு செய்யவில்லை, எந்தக் கிழமையில் முடியும் என்று விரல் விட்டு எண்ணவும் வழியில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் பார்க்கப் பொறுக்காமல், ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவளோடு உட்காரச் சொல்லேன் என்றாள்.

"சொன்னா உக்காருவாங்க. அதான் பயமா இருக்கு," என்றாள் டீச்சர்.

ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போனது. மகள் இளைத்துப் போனாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்பாள். பிறகு அவளே எழுந்து சீருடையைப் போட்டுக்கொள்வாள். ஒரு நாள் கேட்டைத் தாண்டியபின் "அம்மா" என்றாள். டீச்சர் நின்று திரும்பியதும், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், ரேடியோ டிபன் பாக்ஸோடு மைதானத்தைக் கடந்து நேராக மகள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்தாள். டீச்சர் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்திருந்தாள். ரேடியோ மகளுக்கு முன்னால் நின்று, "தள்ளி உக்காரு," என்றாள். இடம் விடு என்கிறாளா, எட்டிப் போ என்கிறாளா என்று தெரியாமல் மகள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு ரேடியோ உட்கார்ந்தாள். இருவரும் மணி அடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல், அவரவர் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.